மூத்த நாய் உறுமினால் அதட்டாதீர்கள்

‘ரெண்டும் அடிச்சுப் பிடிச்சு தானா சரியாகும்’ என்று மூத்த நாயையும் குட்டியையும் விட்டுவிடுவதில்தான் பல வீடுகளில் வினை தொடங்குகிறது. 6 மாதம் முதல் ஒன்றரை வயது வரை குட்டி மூத்ததின் கழுத்தில் தொங்கும், மேலே ஏறும், வாசலை மறிக்கும், படுத்திருக்கும் சாக்கைப் பிடுங்கும். கெட்ட குணமல்ல, நிறுத்தத் தெரியாத வயது. நிறுத்துவது நம் வேலை, மூத்ததின் வேலையல்ல.

மூத்தது முதலிலேயே சொல்லிவிடும். முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், உடம்பு விறைக்கும். இத்தனைக்கும் குட்டி அடங்காதபோதுதான் உறுமல். அதற்குப் போய் மூத்ததை அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம்.

விளையாட்டா தொல்லையா என்று சந்தேகமா? குட்டியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மூத்தது தானாகத் திரும்பி வந்தால் விளையாட்டு. விலகிப் போனால், விட்டது நிம்மதி என்று போகிறது.

ஆள் இருக்கும்போது மட்டும் குட்டியின் மார்புப் பட்டையில் 2 மீட்டர் லேசான கயிறு இழுபடட்டும். நுனியில் வளையம் வேண்டாம், நாற்காலிக் காலில் மாட்டும். எல்லை மீறியதும் சத்தம் போடாமல் கயிற்றைப் பிடித்து, கிரில் கதவுக்கு அப்பால் 30 விநாடி முதல் 1 நிமிடம் வரை நிறுத்திவிட்டுத் திரும்ப விடுங்கள். அரை மணி நேரம் கட்டிப்போட்டால் எதற்கென்றே அதற்குத் தெரியாது. நாலைந்து தடவையும் அடங்கவில்லையா, தனியே தூங்க வையுங்கள். தூக்கம் போதாத குட்டிதான் ரொம்ப ஆடும். மூத்ததைச் சீண்டாமல் கடந்துபோனால் அந்த நொடியே முள் எடுத்த, உப்பில்லாமல் அவித்த சாளை (மத்தி) மீன் துண்டு ஒன்று.

குமரி மாவட்டத்தில் ஆனி-ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. முற்றத்தில் ஓட முடியாமல் இரண்டும் சிட்-அவுட்டில் (முன் திண்ணையில்) அடைபடும் நாட்களில்தான் தொல்லை கூடும். நாலைந்து தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றிரண்டின் அடியில் தீனியை ஒளித்து, குட்டியை 10 நிமிடம் மோப்பம் பிடிக்க விடுங்கள். ஓட்டம் தராத களைப்பை மூக்கு தரும். சிரட்டையைக் கடிக்க ஆரம்பித்தால் எடுத்துவிடுங்கள். விழுங்கிய துண்டு குடலை அடைக்கலாம். மூத்தது அப்போது வேறு அறையில்.

மீன் வெட்டும் இடம் இன்னொரு ஆபத்து. கத்தியை எடுக்கும் முன்பே இரண்டையும் பிரித்துவிடுங்கள். சாப்பாடும் தனித்தனி அறையில். 15 நிமிடத்தில் பாத்திரத்தை எடுத்துவிட வேண்டும், காலிப் பாத்திரத்துக்கும் சண்டை வரும்.

சண்டை மூண்டுவிட்டால் நடுவே கையை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர், இல்லையென்றால் இடையில் செருக ஒரு பலகை.

இத்தனை நாள் பொறுத்த மூத்தது திடீரென்று சீறுகிறதா? இடுப்பு, மூட்டு, காது, பல் எங்காவது வலி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலிருக்கும் மனிதருக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரொஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.