பார்த்து வாங்கிய அடி

எங்கள் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்துக்கு ஹெவிவெயிட், அதாவது அதிக எடைப் பிரிவுப் பையன்கள் வருவது அபூர்வம். 50, 60 கிலோ பையன்கள்தான் அதிகம். அதனால் 96 கிலோவில் ஒருவன் வந்து நின்றபோது கூடமே அவனைச் சுற்றிக்கொண்டது. முதல் வாரத்திலேயே மற்ற பையன்கள் என்னிடம் வந்து, "மாஸ்டர், இவன் எவ்ளோ அடிச்சாலும் தாங்குறான்" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பயிற்சியாளராக அது எனக்கு நான்காவது வருடம். அடி தாங்குவதைப் பிறவியிலேயே வரும் வரம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

ஒரு சனிக்கிழமை மாலை, வெளியூரிலிருந்து வந்திருந்த அனுபவசாலி ஒருவரோடு அவனை ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், இறக்கினேன். அவருக்கு வலது கை ரொம்பக் கனம். இரண்டு ரவுண்டு முழுக்க அந்தக் கையை நேராக முகத்தில் வாங்கினான் பையன். ஒரு எட்டுகூடப் பின்வாங்கவில்லை. மூன்றாவது ரவுண்டில், கயிற்றுக்கு வெளியே நின்று "கையைத் தூக்குடா" என்று கத்தினேன். அவன் கண் ஒரு கணம் என் பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து ஒரு இடது ஹூக், கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து. பாதி பலம்கூட இல்லாமல், பழக்கத்தில் போட்ட ஹூக். முழங்கால் இரண்டும் மடங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஹெட்கார்டைக் கழற்றியபோது, "இது எத்தனாவது ரவுண்டு மாஸ்டர்?" என்று கேட்டான். சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து அதையே மறுபடியும் கேட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை பெரிய அடிகளைத் தாங்கியவன் ஒரு சின்ன அடிக்கு ஏன் விழுந்தான்? அந்தக் கேள்வியோடுதான் பழைய ஹெவிவெயிட் சண்டைகளைத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை அடிப்பவரின் கையைத்தான் பார்த்துவந்தேன். அப்புறம் அடி வாங்குபவரின் கண்ணையும் காலையும் பார்க்கப் பழகினேன்.

மூளை மண்டைக்குள் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தாடை நுனியில் பக்கவாட்டாகக் குத்து விழுந்தால் தலை சட்டென்று திரும்பும். மூளை அதோடு உடனே திரும்பாமல் பின்தங்கி முறுக்கிக்கொள்ளும். ஆள் நினைவு தப்பி விழுவதற்குப் பெரும்பாலும் இந்த முறுக்கல்தான் காரணம். நெற்றியில் நேராக விழுகிற குத்து வலிக்கும், ஆனால் தலையை அந்த அளவுக்குச் சுழற்றாது. குத்து வருவது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், நாம் நினைக்காமலே கழுத்து இறுகுகிறது, பல் மவுத்கார்டைக் கடிக்கிறது, முகவாய் தோளுக்குள் இறங்குகிறது. கழுத்து இறுகியிருந்தால் அடியை முழு உடம்பும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். தெரியாமல் வந்தால் தலை மட்டும் தனியாக வாங்கும். அந்தப் பையன் வலது கையை ஒவ்வொரு முறையும் பார்த்து வாங்கினான். இடது ஹூக்கை அவன் பார்க்கவில்லை. பார்க்கவிடாமல் செய்தவன் நான்.

ஹெவிவெயிட்டில் இது இன்னும் ஆபத்து. ஆள் எடை ஏற ஏறக் குத்தின் பலமும் ஏறுகிறது. மூளை மட்டும் 50 கிலோ பையனுக்கும் 110 கிலோ ஆளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

ஜோ ஃப்ரேஸியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1971-ல் முகமது அலியோடு 15 ரவுண்டு நின்று, கடைசி ரவுண்டில் இடது ஹூக்கில் அலியையே கீழே தள்ளியவர். அதே ஃப்ரேஸியரை 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மேன் இரண்டே ரவுண்டில் ஆறு முறை விழவைத்தார். இரண்டு வருடத்தில் அவர் தாடை கண்ணாடியாகிவிட்டதா? அவர் பாணி குனிந்து ஆடி ஆடி முன்னால் வருவது. ஃபோர்மேனுக்கு அப்பர்கட், அதாவது தாடையை நோக்கி மேலே வரும் குத்து, கீழிருந்து கிளம்பி வரும். முன்னால் வரும் தலையும் மேலே வரும் கையும் சந்தித்தால், நிற்கிற லாரி மேல் மோதுவதற்கும் எதிரே வருகிற லாரி மேல் மோதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அடுத்த வருடம் அக்டோபர் 30-ம் தேதி, கின்ஷாசாவில், அதே ஃபோர்மேன் முன்னால் அலி நின்றார். ஃபோர்மேன் அதுவரை 40 சண்டையில் 40 வெற்றி, அதில் 37 நாக்-அவுட். நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு வைக்கவில்லை, அத்தனை முறை பார்த்த சண்டை இது. அலி தளர்ந்த கயிற்றில் சாய்ந்து, முதுகை வளைத்து, தலையைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொள்கிறார். வருவதில் பெரும்பகுதியை முன்னங்கையிலும் முழங்கையிலும் விலாவிலும் வாங்குகிறார். ஃபோர்மேன் நெருங்கினால் அவர் பின்கழுத்தைப் பிடித்துக் கீழே அமுக்குகிறார். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் இன்னொன்று தெரியும்: தலைக்கு வந்த அடியிலும் பலவற்றில், அடி போகிற பக்கமே அவர் தலையும் கொஞ்சம் போகிறது. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்போமே, அதே வேலை. எட்டாவது ரவுண்டில் களைத்துப்போன ஃபோர்மேன்தான் விழுந்தார்.

கென் நார்ட்டன் கதை எனக்கு இன்னும் முக்கியம். அலியோடு மூன்று சண்டை, மொத்தம் 39 ரவுண்டு, ஒருமுறைகூட விழவில்லை. முதல் சண்டையில் அலியின் தாடையையே உடைத்தார். ஆனால் ஃபோர்மேன் அவரை 2 ரவுண்டில் முடித்தார். எர்னி ஷேவர்ஸ் 1979-ல் முதல் ரவுண்டிலேயே முடித்தார். 1981-ல் ஜெர்ரி கூனிக்கு 54 விநாடிதான் தேவைப்பட்டது. 'நார்ட்டனுக்குத் தாடை பலவீனம்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். என் கண்ணுக்குத் தெரிவது அவர் கால். முன்னால் நடக்கும்வரை அவர் புலி. பலசாலிகள் அவரைப் பின்னால் நடக்கவைத்தார்கள். பின்னால் போகும்போது அவர் நேர்கோட்டில், கால் விறைத்துப் போகிறார். முழங்கால் மடங்காமல் நிற்பவனுக்கு அடியைத் தரைக்கு இறக்க வழியில்லை.

தாடையைப் பற்றிப் பேசினால் கிளிச்சோ சகோதரர்களைச் சொல்லாமல் முடியாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அண்ணன் விட்டாலி தொழில்முறைச் சண்டையில் ஒருமுறைகூடத் தரையில் விழுந்ததில்லை. தம்பி விளாதிமிரை 2003-ல் கோரி சாண்டர்ஸ் 2 ரவுண்டில் சாய்த்தார். அடுத்த வருடம் அதே சாண்டர்ஸின் இடது கையை அண்ணன் தாங்கி நின்று, எட்டாவது ரவுண்டில் அவரை முடித்தார். ஆக, பிறவியில் வருவது என்று ஏதோ இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தம்பி என்ன செய்தார் என்று பாருங்கள். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்டிடம் போய்ச் சேர்ந்தார். நீளமான இடது ஜாபால், அதாவது முன்கையை நேராக நீட்டிப் போடும் குத்தால், எதிராளியைத் தூரத்தில் நிறுத்தினார். அதையும் தாண்டி வந்தால் கட்டிப் பிடித்து மேலே சாய்ந்தார். 2005-ல் சாமுவேல் பீட்டரிடம் மூன்று முறை விழுந்தும் புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். 2006 முதல் 2015 வரை சாம்பியனாக இருந்தார். தாடை மாறவில்லை, அதை எங்கே வைக்கவேண்டும் என்று கற்றுக்கொண்டார்.

விழுந்த பிறகு நடப்பதும் தாங்குவதில் சேர்த்திதான். 1979-ல் ஷேவர்ஸின் வலது கை ஏழாவது ரவுண்டில் லாரி ஹோம்ஸை மல்லாத்தியது. எழுந்தார், பிடித்தார், நகர்ந்தார், 11-வது ரவுண்டில் ஜெயித்தார். டைசன் ஃப்யூரி 2018-ல் டியான்டே வைல்டரிடம் கடைசி ரவுண்டில் அசைவில்லாமல் கிடந்து, நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்து நின்றதை உலகமே பார்த்தது. எழுந்த பிறகு அவர் வைல்டரைக் கட்டிப் பிடித்து, மூச்சு வாங்கி, நேரத்தைக் கடத்தியதுதான் நான் பையன்களுக்குப் போட்டுக் காட்டும் பகுதி. அதே ஹோம்ஸ் 1988-ல், 38 வயதில், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்து மைக் டைசனிடம் நாலாவது ரவுண்டில் முடிந்துபோனார். அவருடைய 75 சண்டையில் முடியும் முன்பே நிறுத்தப்பட்டது அது ஒன்றுதான். கண் தாமதமானால் கழுத்தும் தாமதமாகத்தான் இறுகும்.

கனடாவின் ஜார்ஜ் சுவாலோ 93 சண்டையில் ஒருமுறைகூட விழாதவர். அலி, ஃப்ரேஸியர், ஃபோர்மேன் மூவரிடமும் வாங்கியிருக்கிறார். ஃப்ரேஸியரும் ஃபோர்மேனும் அவரைத் தோற்கடித்தபோதும் நின்றபடியேதான் இருந்தார். முன்பு அவரைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரலே உயரும். இப்போது உயருவதில்லை. ஜெர்ரி குவாரியும் எல்லோரிடமும் சளைக்காமல் வாங்கி அடித்தவர்தான். மூளை சிதைந்து, 1999-ல் 53 வயதில் இறந்தார். கின்ஷாசாவில் அவ்வளவு அழகாகத் தாங்கிய அலிக்கு 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று தெரியவந்தது. விழாதவன் இன்னும் பத்து அடி கூடுதலாக வாங்குகிறான், அவ்வளவுதான்.

எங்கள் கூடத்தில் இப்போது செய்வது இதுதான். தினமும் துண்டை நெற்றியில் போட்டு இழுத்துக் கழுத்துக்குப் பயிற்சி. நீச்சல்குளத்துக்குப் போடும் பஞ்சுக் குழாயால் முகத்துக்கு முன்னால் வீசி, கண் சிமிட்டாமல் பார்க்கப் பழக்குகிறோம். பிடிக்கவும், விழுந்தால் ஒரு முழங்காலில் இருந்து எட்டு எண்ணும்வரை காத்திருக்கவும் சொல்லிக்கொடுக்கிறோம். ரவுண்டு நடக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை. ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். யாருக்காவது தலையில் அடிபட்டு கால் ஆடினால் தேதி எழுதிவிடுவேன். அதிலிருந்து குறைந்தது 30 நாள் அவனுக்கு ஸ்பாரிங் கிடையாது.

நோட்டில் அந்தப் பையனுக்கான பக்கத்தில் மூன்று தேதிகள் இருக்கின்றன. இரண்டாவது, ஐந்து மாதம் கழித்து. மூன்றாவது தடவை வெறும் ஜாப்புக்கே கால் ஆடியது. முன்பு இரும்பு மாதிரி நின்றவன். அன்றைக்கே அவனைத் தனியாக உட்காரவைத்து, போதும்டா தம்பி என்றேன். அவன் நம்பவில்லை. கிளவுஸைக் கழற்றாமல் மடியில் வைத்தபடி, "நான் தாங்குவேன் மாஸ்டர்" என்றான். நான் குனிந்து கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு கையாகக் கழற்றினேன். அவன் கையைக் கொடுத்தான், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.