ஒரே நியாயம்

இன்று மாலை ஜெபக்கூட்டத்தில் பைபிளின் லேவியராகமம் 24-ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். பரதேசிக்கும் (வந்து தங்கிய அந்நியன்) சுதேசிக்கும் (சொந்த இனத்தான்) ஒரே நியாயம் என்ற வசனம் வந்ததும் பல தலைகள் ஆமோதித்து அசைந்தன.

என் கண் அதற்கு முந்தைய வசனங்களிலேயே நின்றுவிட்டது.

இஸ்ரவேலர் கூடாரமிட்டிருந்த பாளயத்தில் இருவர் சண்டை போடுகிறார்கள். ஒருவனுக்குத் தகப்பன் எகிப்தியன், தாய் இஸ்ரவேல் பெண். சண்டை வேகத்தில் கர்த்தரின் நாமத்தைத் தூஷித்துவிடுகிறான்.

தாயின் பெயர் செலோமித், தாண் கோத்திரம், தாத்தா திப்ரி. எல்லாம் எழுதியிருக்கிறது. அவன் பெயர் மட்டும் இல்லை.

அவனைக் கல்லெறிந்து கொல்லச் சொன்ன தீர்ப்பில்தான் அந்த வசனம் வருகிறது. சமத்துவம் பந்தியில் அல்ல, தண்டனையில்!

அதற்காகத் தள்ளிவிடவும் முடியவில்லை. எண்ணாகமம் 35-இல், கைப்பிசகாய்க் கொலை செய்தவன் ஓடி ஒளிய ஆறு அடைக்கலப் பட்டணங்கள். பரதேசிக்கும் அதே வாசல்தான். கேட்க நாதியில்லாத ஊரில், பழிவாங்க ஒரு குடும்பமே துரத்தும்போது, அது சாதாரணச் சலுகை அல்ல.

எல்லா இடத்திலும் இப்படி நேராகவும் இல்லை. தானாய்ச் செத்த பிராணியைத் தின்றால் இருவருக்கும் ஒரே தீட்டு என்கிறது லேவியராகமம் 17. உபாகமம் 14-ஓ, நீ தின்னாதே, உன் ஊரில் இருக்கும் பரதேசிக்குக் கொடுத்துவிடு என்கிறது.

இரண்டையும் ஒட்டவைக்கப் பிரசங்கிமார் படும் பாடு தனிக்கதை. எனக்கென்னவோ, அந்தக் காலத்திலேயே இதில் இரண்டு கட்சி இருந்திருக்கிறது என்றுதான் படுகிறது.