கதை படிக்கிற இன்ஜினியர்கள் வேண்டும்

அறிவியல் புனைகதை எதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். செல்போன், வீடியோ கால், நீர்மூழ்கி, எல்லாமே யாரோ எப்போதோ கதையில் எழுதியதுதான் என்று முடியும். நான் விசாட் துறையில் இருக்கிறேன், அதாவது செயற்கைக்கோள் வழியாக வங்கிக் கிளைகளையும் ஏடிஎம்களையும் இணைக்கிற வேலை. அந்தப் பட்டியல்கள் எனக்குப் போதவில்லை. கதையில் வந்தது பிறகு கருவியாகிவிட்டது என்று ஒரே வரியில் சொன்னால் நடுவில் நடந்தது மொத்தமும் காணாமல் போய்விடுகிறது. எனக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கியம்.

எங்கள் துறையையே பாருங்கள். 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகையில் ஆர்தர் சி. கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு 27 வயது, பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் வேலை. பூமியின் மையத்திலிருந்து சுமார் 42,000 கிலோமீட்டரில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஒன்றை நிறுத்தினால் அது சுற்றிவர 24 மணி நேரம் ஆகும், பூமியும் அதே வேகத்தில் சுழல்வதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும், அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தரையில் சிக்னல் வாங்க ஒரு அடி அகல டிஷ் போதும் என்றும் எழுதினார். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் மேலே போக இன்னும் 12 ஆண்டு இருந்தது.

இது கதை இல்லை, கணக்கு. ஆனால் கணக்குப் போட்டவர் கதை படிப்பவர், கதை எழுதுபவர். ஜார்ஜ் ஓ. ஸ்மித் என்ற ரேடியோ இன்ஜினியர் 1942 முதல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் தொடர்ச்சியாகக் கதைகள் எழுதிவந்தார். வெள்ளிக் கிரகத்தின் பாதையில் ஒரு ரிலே நிலையம், கிரகங்களுக்கு நடுவே சூரியன் மறைக்கும்போது செய்தியை வாங்கி மாற்றிவிடுவது அதன் வேலை. அந்தக் கதைகள் தன் மனதுக்குள் எங்கோ வேலை செய்திருக்கலாம் என்று கிளார்க்கே பின்னாளில் எழுதினார். எனக்கு இது ரொம்பப் பிடித்த செய்தி. காரணம், சூரியன் குறுக்கே வரும் தொல்லை எங்கள் அன்றாட வேலையில் இருக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும், டிஷ் சூரியனின் இரைச்சலையும் சேர்த்து வாங்கும், லிங்க் சில நிமிஷம் போய்விடும். கிளைகளுக்கு முன்கூட்டியே நேரம் போட்டு அனுப்புவோம்.

இப்போது கிளார்க்கின் கட்டுரையில் இன்னொரு விஷயம். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அந்த மூன்று புள்ளிப் படத்தை போர்டில் போட்டுவிட்டு, இதில் எது நடக்கவில்லை என்று கேட்பேன். யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் மனதில் இருந்தது ஆட்கள் தங்கி வேலை பார்க்கும் விண்வெளி நிலையம். அந்தக் காலத்து ரேடியோ வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகும், மாற்ற ஆள் வேண்டும் அல்லவா? டிரான்சிஸ்டர் வந்தது 1947-ல். அதன் பிறகுதான் ஹாரல்ட் ரோசனும் அவருடைய குழுவும் ஹியூஸ் நிறுவனத்தில் செய்த, சுற்றுப்பாதையில் 40 கிலோகூட இல்லாத சின்ன சிங்காம் செயற்கைக்கோள் சாத்தியமானது. 1964-ல் சிங்காம் 3 டோக்கியோ ஒலிம்பிக்கை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. ஆட்கள் யாரும் மேலே இல்லை. பாதை பற்றிய கணக்கு அப்படியே நின்றது, மற்றதெல்லாம் மாறியது. ஒரு யோசனையின் எந்தப் பகுதி இயற்பியல், எந்தப் பகுதி அந்தக் காலத்துக் கருவி என்று பிரிக்கத் தெரிவது எங்கள் வேலையில் பெரிய திறமை, அதைப் பழக இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜான் பியர்ஸ் கதை இன்னும் நேரடியானது. டிரான்சிஸ்டருக்குப் பெயர் வைத்தவர் அவர். ஜே. ஜே. கப்ளிங் என்ற புனைபெயரில் அறிவியல் புனைகதைப் பத்திரிகைகளில் எழுதுவார். தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் பற்றி 1952-ல் முதலில் அப்படிப்பட்ட பத்திரிகையில்தான் எழுதினார், தொழில்நுட்ப இதழில் அது வந்தது 1955-ல். 1960-ல் எக்கோ, 1962-ல் டெல்ஸ்டார் என்று இரண்டு செயற்கைக்கோள் திட்டங்களிலும் அவர் கை இருந்தது. நம் பக்கம் சுஜாதா இருந்தாரே! பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவாகும்போது அங்கே இருந்து வேலை பார்த்தவர்தான் ஜீனோ என்ற இயந்திர நாயை வாரா வாரம் நமக்குக் கொடுத்தவரும். என் வயதுக்காரர்களில் எலெக்ட்ரானிக்ஸ் எடுத்த பலர் அவரால்தான் எடுத்தார்கள்.

அதனால்தான் வேலை இடத்தில் நாவல் படிப்பதை வெட்டி வேலையாகப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். எங்கள் கண்ட்ரோல் ரூமில் நைட் ஷிஃப்ட் பார்த்த ஒரு பெண், அலாரம் எதுவும் இல்லாத நேரத்தில் செவ்வாய்க் குடியிருப்பு பற்றிய கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பார். அதற்குப் பதில் மேனுவல் படிக்கலாமே என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். ஒருநாள் அவர் என்னிடம், "சார், செவ்வாய்க்குச் சிக்னல் போகவே பல நிமிஷம் ஆகும்னா டிசிபி அங்க எப்படி சார் ஓடும்?" என்று கேட்டார். டிசிபி என்பது, அனுப்பிய தகவல் வந்து சேர்ந்தது என்று பதில் வாங்கிக்கொண்டே மேலே அனுப்பும் இணைய விதிமுறை. மேனுவல் மட்டும் படித்தவர்கள் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நம் லிங்கிலேயே ஒரு பாக்கெட் போய்ப் பதில் வர அரை வினாடிக்கு மேல் ஆகிறது, ஒவ்வொரு முறையும் வந்து சேர்ந்தது என்ற பதிலுக்காகக் காத்திருந்தால் வேகம் படுத்துவிடும், அதனால் மோடமே பக்கத்திலிருந்து அந்தப் பதிலைக் கொடுத்துவிடுகிறது என்று விளக்கினேன். அப்புறம் டிசிபியை உருவாக்கியவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப் 1998 முதல் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்து ஆட்களோடு கிரகங்களுக்கு இடையிலான இணையத்துக்காகச் செய்த வேலை, வழியில் உள்ள ஒவ்வொரு நிலையமும் தகவலைச் சேமித்து வைத்து, பாதை திறக்கும்போது அடுத்ததற்குத் தள்ளும் முறை, எல்லாம் பேசினோம். பிறகு, மெதுவாக ஓடுகிறது என்று புகார் வந்த கிளைகளில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கிளார்க் 1956-லேயே இலங்கைக்கு வந்து தங்கிவிட்டார். 1975-ல் இந்தியக் கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி கொடுத்த சைட் பரிசோதனையின்போது, கொழும்பில் அவர் வீட்டிலேயே இஸ்ரோ இன்ஜினியர்கள் டிஷ் வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் வேலையைச் செய்கிற யாரோ ஒருவர், தரையிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு டிஷ்ஷைத் திருப்பி, அந்தக் கணக்கை எழுதியவருக்கே சிக்னல் எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்த வேலைக்கு நான் போயிருக்கக் கூடாதா என்று உண்மையாகவே ஏங்கியிருக்கிறேன்.

2020 பிப்ரவரியில் எம்இவி-1 என்ற விண்கலம், 2001-ல் ஏவப்பட்டு எரிபொருள் தீர்ந்துவந்த இன்டெல்சாட் 901-ஐப் பிடித்து ஒட்டிக்கொண்டு அதன் ஆயுளை நீட்டியது. மேலே போய்ப் பராமரிக்க வேண்டும் என்று கிளார்க் எழுதியதில் ஆட்கள் மட்டும்தான் தேவைப்படவில்லை, பராமரிப்பு வந்துவிட்டது. இப்போதெல்லாம் பயிற்சியில் அந்தப் பழைய படத்துக்குப் பக்கத்திலேயே இதையும் வரைகிறேன். போன முறை ஒரு பையன், எரிபொருள் மட்டும்தானா, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரையே மேலே மாற்ற முடியாதா என்று கேட்டான். அன்றைக்கு மதியம் டிஷ்ஷை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்கிற எலிவேஷன் கணக்குப் பாடம் நடக்கவில்லை, அதைத்தான் போர்டு நிறையப் போட்டுப் பார்த்தோம்.