வாழைப்பூ மாதிரி தொங்கின கை

போன ஜூன் மழையில ரப்பர் தோட்டத்துச் சரிவுல வழுக்கி விழுந்து வலது மேல்கை எலும்பு நடுவுல முறிஞ்சிச்சு. எங்களுக்கு கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம், ரப்பர் பால்வெட்டுதான் தொழில். எலும்பு முறிஞ்சதக்கூட தாங்கிக்கிட்டேன், ஆனா கைய நீட்டினா மணிக்கட்டு வாழைப்பூ மாதிரி கீழ தொங்குது, விரல மடக்க வருது விரிக்க வரல, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல புறங்கையில தொட்டா தெரியவே இல்ல, அதுதான் என்னய கலங்கடிச்சிச்சு.

மணிக்கட்டையும் விரலையும் நிமித்துற ரேடியல் நரம்பு அந்த எலும்ப ஒட்டிச் சுத்திதான் கீழ இறங்குதாம், முறியும்போது அடி பட்டிருக்கும், நெறைய பேருக்கு தானாவே திரும்பி வரும்னு டாக்டர் சொன்னாரு. ஆனா நரம்பு ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால மாசக்கணக்குல பொறுக்கணும். மூணு நாலு மாசத்துல அசைவே வரலன்னா ஆபரேஷன் பத்தி யோசிக்கலாம்னாரு.

ஒரு விஷயம் இன்னும் மனசுல கிடக்கு. முதல்ல கட்டு போட்ட இடத்துல விரல அசைக்கணும்னு யாரும் சொல்லல, மூணு வாரத்துல விரல் மூட்டெல்லாம் இறுகிப்போச்சு. பொறவு பார்த்த பிசியோ தங்கச்சிதான் சொல்லிக் கொடுத்தா, அண்ணே இடது கையால மணிக்கட்டத் தூக்கி விரல ஒவ்வொண்ணா நீட்டுங்க, ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ செய்யுங்கன்னு. தயவுசெஞ்சு முதல் நாள்லயே கேட்டுக்கிடுங்க.

மணிக்கட்ட தொங்காம தாங்கிப் பிடிக்கிற ஸ்பிளிண்ட் போட்ட அன்னைக்கே டம்ளரப் பிடிச்சேன். மணிக்கட்டு தொங்கினா விரல்ல பலம் நிக்காது, சந்தேகம்னா உங்க மணிக்கட்ட கீழ மடக்கி வெச்சுக்கிட்டு முஷ்டி பிடிச்சுப் பாருங்க.

வீட்டுல ஒவ்வொண்ணா புதுசா படிச்சேன். சாரம் (லுங்கி) உடுக்க ஒரு ஓரத்த சுவத்தோட இடுப்பால அமுக்கிக்கிட்டு மத்த ஓரத்த இடது கையால சுத்திச் சொருகணும். துவர்த்த (துண்ட) பைப்புல சுத்தி ஒரு கையால முறுக்கிப் பிழியலாம். சாப்பாடுதான் பெரிய பாடு. இடது கையால சோறு அள்ளுறதப் பார்த்து அம்மா எழும்பிப் போயிட்டா. மரச்சீனிக் கிழங்கும் மீனும் வெச்சா வீட்டுக்காரிதான் முள்ளு எடுத்துத் தருவா. கல்யாணப் பந்தியில ஸ்பூன் கேட்க ரெண்டு மாசம் மனசு வரல, கேட்டப்போ பரிமாறின பையன் ஒண்ணும் சொல்லாம கொண்டு வந்து தந்தான்.

அம்மாவுக்கு வர்ம ஆசான்கிட்ட காட்டணும்னு ஆசை. ஆசான்மார் மேல எனக்கும் மரியாதை உண்டு, ஆனா எலும்பு கூடுற முன்ன யாரும் தடவித் திருமக் கூடாதுன்னு டாக்டர் சொன்னத எடுத்துச் சொல்லி நிப்பாட்டிட்டேன்.

டாக்டர் மேல்கையில இருந்து கீழ விரலால தட்டிக்கிட்டே வருவாரு, ஒரு இடத்துல புறங்கை வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி சுள்ளுன்னு போகும், ஒவ்வொரு தடவையும் அந்த இடம் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கும், நரம்பு அதுவரைக்கும் வந்துட்டுன்னு அர்த்தம். நாலாம் மாசம் ஒரு நாள் ஸ்பிளிண்ட கழட்டிட்டு சாயா குடிச்சேன், கிளாஸ கீழ வைக்கப் போறப்ப மணிக்கட்டு ஒரு விரக்கட தானா தூக்கிச்சு. வீட்டுக்காரிய சத்தம் போட்டு விளிச்சேன், ரெண்டு பேரும் அழுதோம்.

பொறவு விரல் வந்துச்சு. இப்ப பாதி மரத்துல பால் வெட்டுறேன். பெருவிரல் மட்டும் இன்னும் மேல வரல, கடைசியாத்தான் வரும்னு சொல்லியிருக்காங்க. விடியக்கால தலையில லைட்ட மாட்டின உடனே முதல்ல அதத்தான் தூக்கிப் பார்ப்பேன்.