பத்துக்குப் பத்து அறையில் தம்புரா

பாட்டு கேட்பதற்கென்று எனக்குக் கிடைத்தது மாடியில் ஓர் அறை. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். கீழே டைல்ஸ், சுற்றிலும் சிமெண்ட் பூசிய செங்கல் சுவர். நம் ஊர் வீடுகளில் சர்வசாதாரணமான அளவுதான். ஒலிக்கு இதைவிடத் தொல்லையான அறை அமைவது கடினம் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

முதலில் வாங்கியது டவர் ஸ்பீக்கர், தரையிலேயே நிற்கும் உயரமான பெட்டி. கடையில் பெரிய கூடம். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஐந்தடி இடம் விட்டிருந்தார்கள். கேட்டபோது பாடகி எதிரே உட்கார்ந்து பாடுவது போலிருந்தது. பெட்டியிலிருந்து ஒலி வருகிறது என்ற நினைப்பே எழவில்லை. அந்த விரிவுக்காகத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் போட்டது ஒரு மிருதங்கத் தனி. தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், கையை அழுத்தித் தேய்த்து எழுப்பும் கும்கி வழுக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும் அல்லவா? அந்த வழுக்கலே இல்லை. எங்கே அடித்தாலும் ஒரே சுருதியில் 'கும்', 'கும்' என்று வீங்கியது. ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) குறை சொன்னேன், வயரை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஒலியலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்திவிட்டால், அந்தச் சுருதியை அறையே தூக்கிக் கொடுக்கும். பத்தடி என்பது 3.05 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் விடை 56 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் உயரமும் வேறு வேறாக இருந்தால் இந்தத் தொல்லை மூன்று இடங்களில் பிரிந்து போகும். என் அறையில் மூன்றும் 56-இலேயே ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. போதாக்குறைக்கு நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன். இந்த அலையின் அழுத்தம் உச்சத்தில் இருப்பது சுவரோரத்தில்தான். அளவெடுக்கும் மைக் ஒன்றை இரவல் வாங்கி, 'ரூம் ஈக்யூ விஸார்ட்' என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது, வரைபடத்தில் 56 ஹெர்ட்ஸில் 14 டெசிபல் மேடு நின்றது.

இப்படி ஒரு மேடு இருக்கும்போது, உச்ச ஒலியைத் தரும் ட்வீட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விரிவு கேட்காது. கீழே எழும் பெரிய சத்தம் மேலே இருக்கும் சின்னச் சின்ன விஷயங்களை மூடிவிடுகிறது. வீணையில் மீட்டு ஓய்ந்தபின் தங்கும் கார்வை, பாடகர் அடுத்த வரிக்கு முன் இழுக்கும் மூச்சு எல்லாம் அதற்குள் அமுங்கிப் போகும்.

ஈரோட்டில் ஒரு நண்பர் பெட்டியே இல்லாத ஸ்பீக்கர் செய்து வைத்திருக்கிறார். ஓப்பன் பேஃபிள் என்பார்கள்; ஒரு பலகை, அதில் கீழ் ஒலிக்கான வூஃபரும் ட்வீட்டரும், அவ்வளவுதான். அவர் கூடத்தில் நான் கேட்ட நாகஸ்வரத்தை இன்றும் மறக்க முடியவில்லை. பத்து நாளைக்குத் தந்தார். என் அறையில் அது சோபிக்கவில்லை. முன்னால் போகிற அளவு ஒலி பின்னாலும் போகும். அது சுவரில் பட்டுக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பினால்தான் இடம் விரிந்தது போலக் கேட்கும். குறைந்தது ஒரு மீட்டர் விட வேண்டும். என்னால் ஒன்றரை அடிதான் விட முடிந்தது. முன்னொலியும் பின்னொலியும் கலந்து குரல் மங்கிவிட்டது. வருத்தத்தோடுதான் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்கு வழி காட்டியது பிபிசியின் பழைய ஸ்பீக்கரான எல்.எஸ்.3/5ஏ. வெளியிடங்களிலிருந்து ஒலிபரப்பும் வேன்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக 1970களில் அவர்களின் பொறியாளர்கள் உருவாக்கியது. என் அறையைவிட நெருக்கடியான இடத்துக்கென்றே பிறந்த ஸ்பீக்கர். ஓர் அடி உயரம்தான். 110 மில்லிமீட்டர் வூஃபர், 19 மில்லிமீட்டர் ட்வீட்டர், மெல்லிய பிர்ச் பிளைவுட், காற்றுத் துளை இல்லாத மூடிய பெட்டி. மூடிய பெட்டியில் பாஸ், அதாவது கீழ் ஒலி, சட்டென்று அறுந்துபோகாமல் மெதுவாகச் சரியும். சின்ன அறையின் சுவர்கள் பாஸைத் தூக்கிக் கொடுப்பதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். டவரை விற்று, அதே வழியில் வந்த ஒரு ஜோடியைப் பழையதாகவே வாங்கினேன். இவ்வகை ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு 83 டெசிபல் போலத்தான் தரும், சத்தம் போதாது என்று பலர் தயங்குவார்கள். ஐந்தடியில் உட்கார்ந்து கேட்பவருக்கு 40 வாட் ஆம்ப் தாராளம்.

ஸ்பீக்கர் வந்தது பாதி வேலைதான். எனக்கு எதிரே உள்ள முன்சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஸ்டாண்டில் வைத்தேன். நாற்காலியை அறையின் நட்டநடுவில் போட்டால் 56 ஹெர்ட்ஸ் முற்றிலும் காணாமல் போகிறது, பின்சுவரில் போட்டால் வீங்குகிறது. பின்சுவரிலிருந்து 3.8 அடி, அதாவது நீளத்தில் 38 சதவீதம், சரியாக வந்தது. ஸ்பீக்கர்களுக்கு நடுவே நாலே முக்கால் அடி விட்டேன். என்னையும் சேர்த்தால் சம முக்கோணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நாற்காலியில் அசையாமல் உட்கார, என் மகள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் வைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். "இப்போ தெரியுதாப்பா?" "இல்லம்மா, இன்னும் கொஞ்சம் முன்னால." கண்ணாடியில் ட்வீட்டர் தெரிந்த இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். ஒலி சுவரில் பட்டு முதலில் என் காதுக்குத் திரும்பும் இடம் அதுதான். இரண்டு பக்கமும் குறித்தோம்.

அந்தக் குறிகளின் மேல் முதலில் பவானி ஜமுக்காளத்தை மடித்துத் தொங்கவிட்டேன். உச்ச ஒலியை மட்டும் தின்றது, குரல் மந்தமாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு நாலங்குலத் தடிமனில் கிளாஸ்வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வைத்துத் துணி போர்த்திய சட்டங்களை மாட்டினேன். பரணில் சும்மா கிடந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டிப் பின்மூலைகளில் நிறுத்தினேன். கை தட்டினால் 'ட்ரிங்' என்று உலோகம் போல் எதிரொலித்த அறை அடங்கியது. மறுபடி அளந்தபோது மேடு 6 டெசிபலுக்கு இறங்கியிருந்தது.

அன்று ராத்திரி ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். பல வருடமாகக் கேட்டுவரும் பதிவு. பாடகருக்குப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, ஸ்பீக்கருக்கும் அப்பால், சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தம்புரா கேட்டது. கும்கியும் வழுக்கி மேலே ஏறியது. என் அம்மா படியேறி வந்து வாசலில் நின்று, "சுருதி எங்கேர்ந்துடா வருது?" என்று கேட்டார்.

தவிலைச் சத்தமாக வைக்க இந்தப் பெட்டிகளால் முடியாது; அதில் எனக்குக் குறை இல்லை. நாற்காலிக் கால்கள் இருக்கும் இடத்தை டைல்ஸில் டேப் ஒட்டிக் குறித்து வைத்திருக்கிறேன், பெருக்கித் துடைப்பவர்கள் நகர்த்தினாலும் திரும்பப் போடலாம்.