அணையாத மெமறி லைட்

ஒக்டோபர் 14, செவ்வாய். ஒட்டுசுட்டான்

பின்னேரம் நல்ல இடி. மழை விட்டதும் கொமினிகேசன் கடை அக்கா ஓட்டோவில் கொம்பியூட்டர் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். ஃபேன் சுற்றுகிறது, மொனிட்டரில் ஒன்றும் இல்லை. "தம்பி, மின்னல் அடிச்சுப் போட்டுதோ? மதர்போர்ட் மாத்த வேணுமோ?"

இங்கே மழை தொடங்கிவிட்டால் எது பழுதானாலும் பழி மின்னலுக்குத்தான். மூடியைக் கழற்றி போர்டின் ஓரத்தைப் பார்த்தேன். சிபியு (கணக்குப் பார்க்கும் மூளை), டிரேம் (மெமறி), விஜிஏ (படம் காட்டும் பகுதி), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று அரிசி அளவில் நாலு லைட். பவர் போட்டதும் போர்ட் தன்னைத்தானே இந்த ஒழுங்கில் சோதிக்கும். சரியாக இருந்தால் அந்த லைட் அணைந்து அடுத்தது எரியும். எதிலே நின்றுவிடுகிறதோ அங்கேதான் தேட வேண்டும். இதில் சிபியு ஒருக்கா மினுங்கிப் போய்விட்டது. டிரேம் அணையவே இல்லை.

டிடிஆர்5 என்ற புதுவகை மெமறி போட்ட பெட்டி என்றால் பொறுத்துப் பார்க்கலாம். முதல்தரம் போடும்போது மெமறியைப் பழக்கிக்கொள்ள அதற்குச் சில நிமிடம் பிடிக்கும், அதுவரை அந்த லைட் எரிவது வழமை. இது அதற்கு முந்திய டிடிஆர்4, இரண்டு வருசமாக ஓடுகிற பெட்டி.

ஒக்டோபர் 15, புதன்

காலையில் வேலையைத் தொடங்கினேன். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, போர்டில் மிச்சமிருந்த ஸ்டான்ட்பை லைட்டும் அணைந்த பிறகுதான் மெமறியில் கை வைத்தேன். உள்ளே முழுக்கச் செம்மண் புழுதி. கடை ரோட்டுக்கரையில், வேறென்ன இருக்கும்.

இருந்த இரண்டு மெமறியின் தங்கப் பற்களையும் அழிறப்பரால் தேய்த்து, ஒன்றை மட்டும் போட்டேன். வந்தது. அதே இடத்தில் மற்றதையும் போட்டேன். அதுவும் வந்தது. அப்போ மெமறி இரண்டும் நல்லது. மற்ற சொக்கெட்டில் போட்டால் மட்டும் பழையபடி டிரேம் லைட்.

டோர்ச் அடித்துப் பார்த்தால், அந்தச் சொக்கெட்டின் பற்களுக்கு நடுவே நசிந்து காய்ந்த சிற்றெறும்பு ஒன்று! பல்துலக்கும் பிரஷால் தட்டி எடுத்தேன். நாலு லைட்டும் வரிசையாக அணைந்து விண்டோஸ் வந்தது.

டிரேம் லைட்டைக் கண்டதும் புது மெமறி விற்றுவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். லைட் இடத்தைத்தான் காட்டும். மெமறியா, சொக்கெட்டா, எறும்பா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஒக்டோபர் 17, வெள்ளி

அக்கா நேற்றே எடுத்துப் போய்விட்டார். ஏ.எல். பிள்ளைகளின் போட்டோக்கொப்பி வேலை குவிந்து கிடக்கிறதாம்.

முள்ளியவளையிலிருந்து ஒரு ரீச்சர் கோல். கந்தோர்களில் வைத்திருப்பது போன்ற பிராண்ட் பெட்டி, பவர் பட்டன் செம்மஞ்சளாக மினுங்குகிறதாம். இவற்றில் மினுங்கலை எண்ண வேண்டும். டெல் கொம்பனியின் பழைய ஒப்டிபிளெக்ஸ் பெட்டிகளில் முகப்பிலேயே 1, 2, 3, 4 என்று லைட் இருந்தது, எவை எரிகின்றன என்பதே குறி. பிறகு வந்தவற்றில் பவர் பட்டனே செம்மஞ்சளும் வெள்ளையுமாக மினுங்கிச் சொல்லும். எச்பியின் புதியவற்றில் சிவப்பும் வெள்ளையும். ஒரு மொடலின் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது. நெற்றில் கிடைக்கிற ஏதோவொரு பட்டியலை நம்பிப் பெட்டியைக் கழற்றுவது வீண் வேலை.

ரீச்சர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். மினுங்கல் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. முழுதாக இரண்டு சுற்று வரும்வரை பிடித்து, மொடல் இலக்கம் உள்ள ஸ்டிக்கரின் படத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.