தோட்டா ஏறாத 1911: நான்கு வார வேலை

என்னிடம் இருப்பது 1911 என்ற மாடல் கைத்துப்பாக்கி. ஏழு தோட்டா கொள்ளும் மூன்று மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), ஒவ்வொன்றையும் மும்முறை நிரப்பி மொத்தம் 63 தோட்டா. அதில் ஐந்து முறை துப்பாக்கி நின்றது. ஐந்தும் ஒரே மாதிரி: ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) மூடுவதற்குக் கால் அங்குலம் இருக்கும்போது, தோட்டாவின் மூக்கு சேம்பரின் (சுடுமுன் தோட்டா உட்காரும் அறை) மேற்புறத்தில் முட்டுகிறது, நடு உடம்பு பேரலின் (குழல்) கீழ் விளிம்பில் சாய்கிறது, பின்விளிம்பு எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் பாகம்) கொக்கியில் இறுகிக்கொள்கிறது.

டெக்சஸில் நான் போகும் ரேஞ்சில் இதைப் பார்த்தவர்கள் இருவர், ஃபீட் ரேம்பை (தோட்டா சேம்பருக்கு ஏறும் சரிவு) தேய்த்துப் பளபளப்பாக்கச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஃப்ரேமில் (துப்பாக்கியின் அடிச்சட்டம்) இருக்கும் ரேம்புக்கும் பேரலில் இருக்கும் ரேம்புக்கும் நடுவே சுமார் 0.8 மி.மீ. படி இருக்க வேண்டும். அதைத் தேய்த்துச் சமமாக்கினால் சிக்கல் கூடும். பேரலில் அதிகம் தேய்த்தால் தோட்டாவின் அடிப்பாகம் தாங்கலில்லாமல் போகும். தேய்த்த இரும்பு திரும்ப வராது. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனையில் இதை வடிவமைத்த ஜான் பிரௌனிங்கின் இந்த வடிவமைப்பு 6000 தோட்டாக்களை ஒருமுறைகூட நிற்காமல் சுட்டது. அப்படியிருக்க, கோளாறு என் கையில் இருக்கும் இந்த ஒன்றில்தான் எங்கோ இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் என்று முடிவு செய்தேன். மேகசின்களில் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதினேன். தோட்டாக்களை வெர்னியரால் அளந்தேன். இந்தத் துப்பாக்கி சுடும் .45 ஏ.சி.பி. வகைத் தோட்டாவுக்கு உச்ச நீளம் 1.275 அங்குலம். என்னிடம் இருந்த 230 கிரெயின் (குண்டின் எடை அலகு) உருண்டை மூக்குத் தோட்டாக்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. நின்றவை மூன்று மேகசின்களிலும் பரவியிருந்ததால், முதல் சந்தேகம் மேகசின்மேல் இல்லை.

இரண்டாம் வாரம் நன்றாகச் சுத்தம் செய்தேன். எக்ஸ்ட்ராக்டர் உட்காரும் குழியிலிருந்து கரியும் பித்தளைத் துகளுமாக வந்தது. அதே 63 சுற்றில் மூன்று முறை நின்றது. மூன்றாம் வாரம் ரீகாயில் ஸ்பிரிங்கை (பின்னால் போன ஸ்லைடை முன்னே தள்ளுவது) மாற்றி 16 பவுண்டு புதியது போட்டேன். இரண்டு முறை.

பிறகுதான் எக்ஸ்ட்ராக்டர். இதற்குத் தனி ஸ்பிரிங் கிடையாது. அந்த நீண்ட எஃகுத் துண்டே ஸ்பிரிங். மேகசினிலிருந்து ஏறும் தோட்டாவின் பின்விளிம்பு, ஸ்லைடின் முகத்தில் உரசியபடி கீழிருந்து மேலே வழுக்கி அந்தக் கொக்கிக்குள் நுழைய வேண்டும். கொக்கி இறுகியிருந்தால் தோட்டா நிமிர முடியாமல் சாய்ந்தே நிற்கும். நான் பார்த்ததும் அதேதான்.

பேரலைக் கழற்றிவிட்டு, ஸ்லைடில் ஒரு டம்மி தோட்டாவைக் கீழிருந்து செருகிப் பார்த்தேன். (இந்த வேலை முழுவதும் டம்மியில்தான். உண்மையான தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.) லேசாகத் தள்ளினால் ஏறி, மெல்ல ஆட்டினாலும் விழாமல் நிற்க வேண்டும். எனக்குக் கட்டைவிரல் வலிக்கிற அளவுக்கு அழுத்த வேண்டியிருந்தது.

எக்ஸ்ட்ராக்டரை அதன் குழியில் கொஞ்சம் நுழைத்து, வெளியே நின்ற பகுதியை இறுக்கம் குறையும் பக்கமாக அழுத்தி வளைத்தேன். முதல் தடவை அதிகமாகிவிட்டது; டம்மி பொத்தென்று விழுந்தது. திருப்பி வளைத்து, மாட்டி, ஆட்டி, மறுபடி கழற்றி, சரியாக வர ஒரு மணி நேரம் ஆயிற்று. கொக்கியின் கீழ்மூலை கூராக இருந்ததால் நைஸான கல்லில் அதை மட்டும் சற்று மழுக்கினேன். கொக்கி பிடிக்கும் முகத்தைத் தொடவில்லை.

நான்காம் வாரம்: 63 சுற்று, ஒருமுறைகூட நிற்கவில்லை. கடைசித் தோட்டா ஏறிய சத்தம் கேட்டபோது அவ்வளவு நிம்மதி!

மகிழ்ச்சியில் இன்னும் 42 சுட்டேன். 2ஆம் எண் மேகசினில் ஒன்று சிக்கியது. ஆனால் இது வேறு மாதிரி: மூக்கு தாழ்ந்து ஃப்ரேம் ரேம்பிலேயே குத்தி நின்றது. வீட்டுக்கு வந்து அதன் ஸ்பிரிங்கை மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்; கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குட்டையாகிப் போயிருக்கிறது. புதிய ஸ்பிரிங் வரும்வரை 1ஆம் எண்ணும் 3ஆம் எண்ணும் மட்டும் பையில் போகும்.